எண்ணெய் குடித்த கல்

தேசப்பனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஒரு வார்த்தை முழுசாகப் பேச மாட்டார். கூப்பிட்டால் உடனே வர மாட்டார். "கல்லு காயுது சிஸ்டர்" என்பார். அது காய்கிறவரை கவர்னரே வந்து நின்றாலும் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனுஷனோடு எத்தனையோ வருஷம் குப்பை கொட்டினேன். ஒருநாள் அவருக்காக மாதாவிடம் கெஞ்சவும் செய்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரோசி. ராயபுரத்துக்காரி. கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ்தான். ஆனால் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்போது, கண்ணுக்குக் காவலான புனிதையின் பெயரில், லூசியம்மாள் கண் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. கொஞ்சம் கட்டில்கள், ஓர் ஆப்பரேஷன் அறை, பின்னால் கைப்பம்பு, பம்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைதான் தேசப்பனின் ராஜ்யம். கண்ணில் புரை எடுக்கிற கத்திகளைத் தீட்டுவது அவர் வேலை.

காசிமேட்டில் கடல்காரர் வீட்டில் பிறந்தவர் அவர். ஆனால் கட்டுமரத்தில் கால் வைத்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். குப்பமே சிரித்தது. அப்பன் தலையில் அடித்துக்கொண்டான். கடலுக்குப் போகாத ஆம்பளைக்குக் கரையில் என்ன மரியாதை? மீன் வெட்டுகிற பெண்களுக்கு அரிவாள்மனை தீட்டிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷத்தில் எங்கள் தோட்டக்காரனும் ஓடிப்போனான். அந்த இடத்துக்குப் புல் வெட்ட வந்தவர்தான் தேசப்பன். புல்லரிவாளை அவர் வைத்திருந்த பதத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியை நடத்திய மதர் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். கத்தரிக்கோலுக்குப் பிறகு ஊசி, ஊசிக்குப் பிறகு கத்தி. புல்லில் ஆரம்பித்துக் கண் வரைக்கும் வந்துவிட்டார்.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது. மலையில் வெட்டிய கல் இல்லை அது. பீங்கான். கோப்பை, சாடி செய்கிற மாதிரி மாவைப் பிசைந்து, அழுத்தி, சூளையில் சுட்டது. உள்ளங்கை நீளம் இருக்கும், பால் வெள்ளை. எங்களிடம் கண்ணைக் காட்டிக் குணமான ஒரு கப்பல் டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. மெட்ராஸில் அதற்கு ஜோடி கிடையாது என்பார் தேசப்பன். இருந்திருக்கலாம், அவர் தேடவில்லை. தொட்டால் வழவழவென்று இருக்கும், இதிலா இரும்பு தேயும் என்று தோன்றும். ஆனால் சொட்டுத் தண்ணீர் விட்டு, கத்தியைப் படுக்க வைத்து, கையின் பாரமே தெரியாமல் இழுத்தால் வெள்ளையில் ஒரு சாம்பல் கோடு விழும். அந்தக் கோடுதான் தேய்ந்த இரும்பு. அழுத்தினால் கத்தியின் விளிம்பு மடங்கிவிடும். மற்றச் சாணைக்கல்லுக்கு எண்ணெய் விடுவார்கள். இதற்கு எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து கல்லின் பொடித் துவாரங்களை அடைத்துவிடும். அப்புறம் கத்தி வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, கறுப்பெல்லாம் போகக் கழுவி, நிழலில் காய வைக்க வேண்டும்.

"துன்னத கய்வி வுடணும் சிஸ்டர். இல்லாங்காட்டி மறு வேளைக்குத் துன்னாது" என்பார். அவரிடம் நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவர் பெண்சாதி பேசினாள். புஷ்பவல்லி அக்கா கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்றவள். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போய்விட்டது. இருந்த ஒரு கண்ணிலும் நாற்பது தாண்டியதும் புரை விழ ஆரம்பித்தது. அப்போதும் விடவில்லை. மீனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தே, இது இன்றைக்குப் பிடித்தது, இது நேற்றையது என்று சொல்லி ஏலத்தில் எடுத்தாள். அவளை ஏமாற்ற நினைத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்த வருஷம், ஆடி மாதம் ரயில்வே கேட்டருகே கைவண்டியில் முட்டிக்கொண்டு கூடையோடு விழுந்தாள். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் தேவப்பிரியம் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: புரை முற்றிவிட்டது, இன்னும் விட்டால் உள்ளேயே வெடித்துக் கண் மொத்தமாகப் போய்விடும். அவரோ மேல்படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேற இருந்தார். அவருக்குப் பதிலாக இன்னொரு டாக்டர் வருவதாக யாரும் சொல்லவில்லை. டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே போம்மா என்றார்.

"மாட்டேன் டாக்டரு. எங்க ஊட்டுக்காரரு தீட்ன கத்தின்னா படுத்துக்கிறேன். வேற எவன் தீட்ன கத்திக்கும் எங்கண்ணக் காட்ட மாட்டேன். இருட்டாவே கெடந்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

நான் திட்டினேன், மதர் கெஞ்சினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டர் இறங்கி வந்தார். அவர் கப்பல் ஏறுகிற அன்று காலையில் அவளுக்கு மட்டும் ஆப்பரேஷன் செய்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று. அது ஆயுத பூஜை முடிந்த வாரம்.

ஆயுத பூஜைக்கு மட்டும் கல் தேசப்பன் வீட்டுக்குப் போகும். ஆஸ்பத்திரிக்குள் பூஜை போட மதர் சம்மதிக்கவில்லை, அதற்காக அவர் சண்டைக்கும் போகவில்லை. முந்தின நாளே மரப்பெட்டியோடு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். பூஜை முடிந்து பெட்டி திரும்பி வரும்போது மூடியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். பொட்டெல்லாம் பெட்டிக்குத்தான், கல்லை யாரும் தொடக்கூடாது என்பது அவர் வீட்டில் போட்டிருந்த சட்டம். அந்த வருஷமும் அப்படித்தான் போயிற்று, அப்படித்தான் வந்தது.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவைச் சேர்த்தோம். ஆப்பரேஷனுக்கு அப்புறம் பல நாள் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும் என்பதால் முன்னதாகவே தலை முழுகிவிடச் சொல்வோம். அக்கா பம்படியில் சீயக்காய் போட்டுக் குளித்தாள். மிச்சத்தைப் பொட்டலமாக மடித்து, கட்டிலுக்கடியில் தன் மூட்டையில் செருகினாள். ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. அந்தப் பக்கம் பம்பு, அதற்கடுத்தாற்போலத் தேசப்பனின் கொட்டகை.

"தீட்டிகினு கீறாரா சிஸ்டர்?"

"தீட்டிகினுதான் கீறாரு. நீ கம்முனு படு."

அவளுக்கு மருந்துச் சொட்டு விட்டுவிட்டு, கத்திகளை வாங்கிவர நான் கொட்டகைக்குப் போனேன். விளக்கு வைப்பதற்குள் கத்தியை வாங்கி ஸ்பிரிட்டில் போட்டு அலமாரியைப் பூட்டுவது என் பொறுப்பு. எப்போதும் நான் போகும்போது மூன்று கத்தியும் துணியில் வரிசையாகக் கிடக்கும். அன்று இல்லை. தேசப்பன் குந்தியபடி மேளத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். மேளம் என்று நாங்கள் சொல்வது ஒரு சின்னப் பித்தளை வளையம். அதில் ஆட்டுக்குட்டியின் மெல்லிய தோலை இழுத்துக் கட்டியிருக்கும். கத்தி கண்ணுக்குள் போகிற பதத்தில் இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்போம். கத்தியை விரல் நுனியில் தொங்கவிட்டு மேளத்தின்மேல் மெதுவாக இறக்க வேண்டும். நல்ல கத்தி தன் எடையிலேயே தோலுக்குள் இறங்கிவிடும், சத்தமே கேட்காது. மொக்கையாக இருந்தால் தோல் முதலில் குழியும், பிறகு 'டொக்' என்று உடையும்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கத்தியை இறக்கினார். டொக்.

"இன்னா அண்ணே இது?"

அவர் இரண்டாவது கத்தியை எடுத்தார். அதுவும் டொக். அவர் மேல்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மத்தியானத்திலிருந்து தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார், தீட்டத் தீட்ட இரண்டு கத்தியும் இருந்த கூர்மையையும் இழந்திருந்தன. மூன்றாவதை இன்னும் தொடவில்லை. ஆனால் அது போன வாரம் ஓர் ஆப்பரேஷனுக்குப் போய்விட்டு வந்தது. தீட்டாமல் அதைக் கண்ணருகே கொண்டுபோக முடியாது.

"கை நடுங்குதாண்ணே? பொண்சாதின்னு பயந்துட்டீங்களா?"

"கையில்ல சிஸ்டர்" என்றார். கத்தியைக் கீழே வைத்தார். "கல்லு துன்ன மாட்டேங்குது."

கல்லின்மேல் தண்ணீரைச் சொட்டினார். எப்போதும் அந்தக் கல்லில் தண்ணீர் விட்டால் பரவி ஒரு மினுமினுப்பாகிவிடும். அன்று சொட்டுச் சொட்டாக உருண்டு நின்றது, சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். தேசப்பன் கல்லை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நாக்கை நீட்டி அதன் ஓரத்தைத் தொட்டார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"நல்லெண்ண. சந்தனமும் கீது."

அவர் அக்காவின் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தன் கண்ணுக்குள் போகப் போகிற கத்திக்கு அந்தக் கல்தானே பதம் கொடுக்கும் என்று, பூஜையன்று அவர் இல்லாத நேரத்தில் அக்காதான் பெட்டியைத் திறந்து, அம்மன் சிலைக்குச் செய்கிற மாதிரி கல்லுக்கு எண்ணெய்க் காப்புப் போட்டு, சந்தனம் பூசி, கும்பிட்டிருக்கிறாள். சட்டம் தெரியும் என்பதால் முந்தானையால் துடைத்தும் வைத்திருக்கிறாள். மேலே துடைத்துவிட்டாள். கல் குடித்ததை எப்படித் துடைப்பது?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கூமுட்டை! போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தேன். தேசப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"வோணாம் சிஸ்டர். அதுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கு அது ஒடம்பு நடுங்கும். கத்தி கண்ணுக்குள்ளாற இருக்கச் சொல்ல நடுங்கிச்சின்னா இன்னா ஆவும்னு ஒனுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். ஒரு இருமலில் கண் போனதை நான் பார்த்திருக்கிறேன். மயக்க மருந்து கிடையாது. சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்வோம், நோயாளி முழித்துக்கொண்டுதான் இருப்பார். மூச்சைக்கூட அளந்து விட வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டராண்ட சொல்லிடவா?"

"சொன்னா ஆப்பரேசன் இல்லன்னுடுவாரு. கொஞ்சம் பொறு. கல்ல கய்விப் பாக்குறேன்."

சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். சந்தனம் போயிற்று, எண்ணெய் போகவில்லை. தண்ணீர் மறுபடி உருண்டு நின்றது. வெளுப்புக்கு வைத்திருந்த சலவைச் சோடாவை நான் கொண்டுவந்தேன். கொதிக்க வைக்கலாமா என்று கேட்டேன். பீங்கான் சூளையைப் பார்த்ததுதானே, கொதிக்கிற தண்ணீருக்கா பயப்படும் என்பது என் எண்ணம். அவர் யோசித்தார். வெள்ளைக்கல்லை அதுவரை அவர் அடுப்பருகே கொண்டுபோனதில்லை. வெடித்தால் எல்லாம் முடிந்தது. வெடிக்காவிட்டாலும் எண்ணெய் போகுமா என்பது யாருக்குத் தெரியும்? "வேற வயி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சோடாவைக் கரைத்து, அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கல்லைப் படுக்க வைத்து, சின்னத் தணலில் ஏற்றினோம். தண்ணீர் சூடாகிற வழியைக் காணோம். தணலைக் கூட்டலாம் என்றேன், தலையை ஆட்டினார். வேலிப் பூவரசின் நிழல் பம்பைத் தாண்டிக் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவழியாகத் தண்ணீர் கொதித்து, அதன்மேல் மஞ்சள் மஞ்சளாக ஒரு படலம் மிதந்து வந்தபோது எனக்குப் பிடிபட்டது, அந்தக் கல் எவ்வளவு குடித்திருந்தது என்று. அடுப்பிலிருந்து இறக்கினோம். பொழுது போய்க்கொண்டிருந்த அவசரத்தில் நான் பம்பிலிருந்து ஒரு செம்பு தண்ணீரை மொண்டு அதில் ஊற்றப் போனேன்.

தேசப்பன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். செம்பு உருண்டது.

"பொளந்துக்கும் சிஸ்டர்! சுட்ட கோப்பைல பச்சத் தண்ணி ஊத்துவாங்களா?"

அதுவரை என் நிழலைக்கூட மிதிக்காமல் நடந்தவர் அவர். மணிக்கட்டு கன்றிவிட்டது. இரண்டு பேரும் அந்தச் சட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டு, அது தானாக ஆறும்வரை காத்திருந்தோம். வார்டில் அக்கா பக்கத்துக் கட்டில்காரியிடம் வஞ்சிர மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அப்போதுதான் நான் மாதாவிடம் கெஞ்சினது. லூசியம்மாளையும் விடவில்லை.

கல் வெடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் சொட்டியதும், ஓரங்களில் பரவி, நடுவில் மட்டும் இன்னும் உருண்டது. உள்ளே இருந்தது வெளியே வந்து மேலாகப் படிந்திருந்தது. இதை எடுக்க என்ன போடுவது? எனக்குச் சட்டென்று தோன்றியது. எண்ணெய் தேய்த்த தலைக்கு நாம் என்ன போடுகிறோம்?

வார்டுக்கு ஓடினேன். அக்காவின் கட்டிலுக்கடியில் குனிந்து மூட்டையிலிருந்து சீயக்காய்ப் பொட்டலத்தை உருவினேன்.

"யாரது? சிஸ்டரா? இன்னாத்துக்கு என் மூட்டையக் கொடையிற?"

"சீயக்கா. கோடிக் கட்டில்காரிக்கு இன்னும் தலை குளிப்பாட்டல."

"இந்நேரத்துக்கா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? கண்ண மூடு."

தேசப்பன் சீயக்காயைத் தண்ணீரில் குழைத்துக் கல்லின்மேல் அப்பி, நாரால் வட்ட வட்டமாகத் தேய்த்தார். நான் பம்பு அடித்தேன். மறுபடி அப்பினார், மறுபடி அடித்தேன். பொட்டலம் தீரப் போகிற நேரத்தில் கல்லின்மேல் விழுந்த தண்ணீர் உருளாமல் விரிந்து பரவியது. தேசப்பன் அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். 

மூன்றாவது கத்தியை எடுத்தார். தென்னங்கீற்று ஈர்க்குப் போல ஒல்லியான கத்தி அது. முதல் இழுப்பில் சாம்பல் கோடு விழுந்தது. கல் தின்ன ஆரம்பித்துவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தாலும் அவர் அவசரப்படவில்லை. எனக்குத்தான் உயிர் போயிற்று. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, நடுவில் கல்லை அலசி, மறுபடி இழுத்து, கடைசியில் மேளத்தைப் பிடிக்கச் சொன்னார். கத்தியை இறக்கினார்.

ஒன்றுமே கேட்கவில்லை. கத்தி பாதி உள்ளே இருந்தது.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "இப்ப டாக்டராண்ட சொல்லிடு சிஸ்டர்" என்றார். "சந்தனத் தூளு எங்கனா ஒண்ணு ஒட்டிகினு இருந்து நுனியில பல்லு வுயிந்திருந்தா? தெர்யாம அவரு கையில குடுக்க மாட்டேன்."

சொன்னேன். மூட்டை முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்த டாக்டர் கேட்டுவிட்டு, வெகுநேரம் கத்தியைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில் நானே மேளத்தில் இறக்கிப் பார்க்கிறேன், சிஸ்டர். துளி சத்தம் வந்தாலும் நான் அந்தக் கண்ணைத் தொட மாட்டேன். அந்தம்மாளிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது" என்றார்.

மறுநாள் காலையில் அக்காவை மேஜையில் படுக்க வைத்து, ஒரு கண் மட்டும் தெரியும்படி முகத்தைத் துணியால் மூடினோம். தேசப்பனுக்கு உள்ளே இடமில்லை. கதவுக்கு வெளியே நின்றார். கீழ்ச்சந்தில் அவருடைய பாதங்கள் எனக்குத் தெரிந்தன.

டாக்டர் கத்தியை எடுத்தார். நான் மேளத்தைப் பிடித்தேன், அக்காவின் காதுக்குப் பக்கத்திலேயே. வேறெங்கே நிற்பது, அறையே அவ்வளவுதான்.

"மேளமா சிஸ்டர்?" என்றாள் அக்கா, துணிக்கடியிலிருந்து. "ஊட்ல சொல்லிகீறாரு. சத்தம் வந்தா கத்தி ஆவாதாமே?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேசக் கூடாதம்மா" என்றார். மேளத்தின்மேல் கத்தியை இறக்கினார்.

சத்தம் இல்லை. கத்தியை எடுத்து, தோலில் வேறொரு இடத்தில் நுனியை வைத்து இன்னொரு தடவை இறக்கினார். அப்போதும் இல்லை. வெளியே அந்தப் பாதங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. டாக்டர் கண்ணருகே குனிந்தார்.

அதற்கப்புறம் நான் அக்காவின் இமையைப் பிடித்திருந்தேன். கத்தி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுனி தெரிந்தபோது அவள் நடுங்குவாள் என்று பயந்து அவள் நெஞ்சையே பார்த்தேன். அது ஏறி இறங்குவதே தெரியவில்லை. விரல்கூட அசையவில்லை. அவ்வளவு அடங்கிக் கிடந்த நோயாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முற்றிய புரை பழுப்பாக வெளியே வந்து விழுந்தது. கட்டுப் போட்டோம். சாயங்காலம் டாக்டர் கப்பலேறினார். துறைமுகத்தில் ஊதின சங்கு வார்டுவரை கேட்டது.

தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து அக்கா மல்லாந்து கிடந்தாள். காயம் ஆறுகிறவரை திரும்பக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது. தேசப்பன் தினமும் கொட்டகைக்குப் போகிற வழியில் வார்டு வாசலில் நிற்பார். "சாப்டியா?" என்பார். "சாப்டேன்" என்பாள். அதற்கு மேல் அவருக்கும் பேச்சு வரவில்லை. அக்காவும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வாய் மூடாத பொம்பளை, அந்த நாளெல்லாம் கூரையைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டே கிடந்தாள்.

கட்டவிழ்க்கிற அன்று மதரும் நானும் பக்கத்தில் இருந்தோம். தேசப்பனைக் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வைத்தேன். புரை எடுத்த கண்ணுக்குக் கனத்த கண்ணாடி இல்லாமல் எதுவும் தெளியாது. வில்லை ஒன்றை எடுத்து அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். அக்கா இமையைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ஜன்னலைப் பார்த்தாள், என் தொப்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரிதாமே?" என்றார் அவர்.

"தெரிது. சிஸ்டர், அந்தக் கோடிக் கட்டில்காரி எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோடிக் கட்டிலில் அந்த வாரம் யாருமே இல்லை.

"என் சீயக்காப் பொட்லத்த எட்த்துகினு போனியே, அன்னிக்கி ஜன்னலாண்ட பம்பு ஓயாம அடிச்சிச்சு. அப்பால சீயக்கா வாசன வந்திச்சி. சோடா கொதிக்கிற வாசன அதுக்கும் முன்னாடியே வந்திடிச்சு. மீன மோந்து வாங்கினவளுக்கு இது தெரியாதா? எண்ண வெச்சவளே நான்தானே." குரல் தழைந்தது. "கை தப்பு பண்ணிட்ச்சிய்யா. நல்லதுன்னு நெனச்சிதான் வெச்சேன்."

தேசப்பன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுகினேவா மேஜ மேல படுத்த? மேளம் பக்கத்துல வந்தப்பவும் தெரிஞ்சிதானா கேட்ட? எய்ந்து வந்திருக்கலாமேம்மே. நானு சொல்லலன்னு..."

"எதுக்கு எய்ந்து வரணும்? நீ கய்விகினு இருந்த சத்தத்தக் கேட்டுகினேதானே படுத்துகினு இருந்தேன்."

தேசப்பனின் தாடை துடித்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் அழுதால் அவள் அழுவாள், அவள் அழுதால் காயம் பிரிந்துவிடும். "வெளிய போங்கண்ணே! போங்கன்னா! இங்க யாரும் அழக் கூடாது!" என்று கத்தினேன். அப்படிக் கத்தினபோது என் கன்னம் நனைந்திருந்ததை மதர்தான் துடைத்துவிட்டார்கள்.

அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து நாரால் தேய்க்கிற சத்தம் வந்தது. பம்பு அடிக்கிற சத்தம், மறுபடி தேய்க்கிற சத்தம். அன்று கத்தி எதுவும் தீட்டவில்லை. அந்தக் கல்லில் கழுவ ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலேயே ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"போதும்யா. கல்லு தேஞ்சிடப் போவுது. வா, வந்து மூஞ்சியக் காட்டு. நானு இன்னும் சரியாப் பாக்கல."